நுளம்புக்கு ஒலிபெருக்கி, எச்.ஐ.வி.க்கு வேலிக்கரை: ஊருக்குள் சுகாதாரம் பேசப் புதிதாக வருகிறவர்களுக்கு

நான் முதன்முதலாகப் பேசிய சுகாதாரக் கூட்டம் யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் நடந்தது. அரைமணி நேரம் மலேரியா, அரைமணி நேரம் எச்.ஐ.வி. இரண்டுக்கும் ஒரே பதாகை, ஒரே பிளேன்ரீ, ஒரே வடை. எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி கேட்டார்: “அப்ப தம்பி, எயிட்ஸ் வந்த ஆளைக் குத்தின நுளம்பு பிறகு எங்களைக் குத்தினால் என்ன செய்யிறது?”

ஆச்சியில் பிழை இல்லை. ஒரு மணி நேரமாக நுளம்பையும் எச்.ஐ.வி.யையும் ஒரே வாயால் சொன்னவன் நான். அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போன நாற்பது பேரில் எத்தனை பேர் அந்த முடிச்சோடு போனார்களோ!

அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: இரண்டையும் ஒரே கூட்டத்தில் பேசாதீர்கள். திட்டத்துக்குக் காசு தருகிறவர் ஒரே நாளில் இரண்டையும் முடிக்கச் சொன்னாலும் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்றாவது பிரித்துவிடுங்கள். மலேரியாவைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசலாம். எச்.ஐ.வி.யைப் பற்றி வேலிக்கரையில் நின்று, குரலைத் தாழ்த்தித்தான் பேச முடியும். பேசும் இடமும் வேறு, ஆளும் வேறு, நேரமும் வேறு.

இறங்குவதற்கு முன்

ஊருக்குள் போக முன்னர் அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். எம்.ஓ.எச். ஒஃபிஸ் என்றால்தான் சனத்துக்குத் தெரியும். என்ன பேசப் போகிறீர்கள், எங்கே, யாரோடு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் (பி.எச்.ஐ.) குடும்பநல மாதுவையும் சந்தியுங்கள். பி.எச்.ஐ.க்கு எந்தக் காணியில் எந்தக் கிணறு பாழடைந்து கிடக்கிறது என்று தெரியும். குடும்பநல மாதுவுக்கு அதைவிடக் கூடத் தெரியும், ஆனால் சொல்லமாட்டார். சொல்லாமல் இருப்பதால்தான் ஒவ்வொரு வீட்டுக் கதவும் அவருக்குத் திறக்கிறது. நீங்கள் கற்க வேண்டிய முதல் பாடம் அவரிடம்தான் இருக்கிறது.

பிறகு கிராம சேவகருக்கும் சனசமூக நிலையத் தலைவருக்கும் ஒரு வார்த்தை. கரையோர ஊர் என்றால் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் சொல்லிவிடுங்கள். இதைச் செய்யாமல் போனால் ஆரோ கொம்பனி ஆட்கள் வந்திருக்கினம் என்று கதை பரவிவிடும். பிறகு படலை திறக்காது.

படலை திறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2007இல் வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருக விட்டால் வழக்குப் போடலாம். டெங்குக் காலத்தில் சனம் அதைக் கண்டும் இருக்கிறது. நீங்கள் கையில் கோப்போடு கிணற்றை எட்டிப் பார்த்தால் வழக்குப் போட வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். கோப்பை சைக்கிள் கரியரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். “நாங்கள் வழக்குப் போடுற ஆட்கள் இல்லை அம்மா” என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மலேரியா: இல்லாத நோயைப் பற்றிப் பேசுவது

இது கொஞ்சம் கஷ்டம். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா கடைசியாகப் பதிவானது 2012 ஒக்ரோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த நாட்டை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. ‘இல்லாத வருத்தத்துக்கு ஏன் கூட்டம்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

நான் பழைய கதையில் தொடங்குவேன். 1934, 35இல் தென்மேற்குப் பக்கம் பரவிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். பிறகு டி.டி.ரி. பூச்சிமருந்து அடித்து அடித்து, 1963இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளர் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். சரி, முடிந்தது என்று கையை விட்டார்கள். 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பதினேழு, ஐந்து இலட்சம் என்ற இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். கூட்டத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தொண்ணூறுகளில் தனக்கு வந்த நடுக்கத்தையும், குளோரோகுயின் குளிசையின் கசப்பையும், வீட்டுச் சுவருக்கு மருந்தடித்த மணத்தையும் சொல்லத் தொடங்குவார். விடுங்கள், அவர் சொல்லட்டும். சண்டைக்காலத்தில் வடக்கில் மலேரியா என்ன பாடுபடுத்தியது என்பதை அனுபவித்தவர் வாயால் கேட்பதுபோல் உங்கள் படவில்லைகளால் சொல்ல முடியாது.

அடுத்தது, இப்போது என்ன ஆபத்து என்பது. ஒட்டுண்ணி வெளியிலிருந்து ஆளோடு வருகிறது. பரப்புகிற நுளம்பு இங்கேயே இருக்கிறது. 2016 கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற இனம் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. இந்தியாவின் நகரங்களில், சென்னை உட்பட, மலேரியாவைப் பரப்புவது இந்த நுளம்புதான். இலங்கையில் முன்பு மலேரியாவை முக்கியமாகப் பரப்பிய அனோபிலிஸ் இனம் ஆற்றுப் படுகைக் குட்டைகளைத் தேடும். யாழ்ப்பாணத்தில் எங்களிடம் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. ஆனால் ஸ்ரெபென்சி கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். அவை எங்களிடம் வளவுக்கு வளவு உண்டு.

எனவே சனத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. பத்து விடயம் சொல்லாதீர்கள். இந்த ஒரு வசனம் போதும்:

“வெளிநாட்டுக்குப் போய் வந்த பிறகு காய்ச்சல் வந்தால், எங்கை போய் வந்தனான் எண்டு டொக்டரிட்டை நீங்களே சொல்லுங்கோ.”

ஏன் இது முக்கியம்? இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதே இல்லை. மார்கழியில் காய்ச்சலோடு வந்தால் அவர்கள் மனத்தில் வருவது டெங்கு. அது சரியான சந்தேகம்தான். ஆனால் ஆபிரிக்காவிலிருந்து வருகிற பல்சிபாரம் வகை மலேரியா சிகிச்சை பிந்தினால் ஒரே நாளில் ஆளை ஆபத்தில் தள்ளிவிடும். ‘சென்னைக்குப் போய் வந்தேன்’, ‘கானாவில் இரண்டு மாதம் நின்றேன்’ என்ற ஒரு சொல் கேட்டால் வைத்தியர் மலேரியா பார்க்கிற இரத்தப் பூச்சுப் பரிசோதனைக்கு எழுதுவார். விரல் நுனியில் ஒரு குத்து, அரச வைத்தியசாலையில் காசு இல்லை. வைவக்ஸ் என்ற மற்ற வகை ஈரலில் மாதக்கணக்கில் தூங்கிக் கிடந்துவிட்டு எழும்பும். அதனால் போன வாரம் போய் வந்தவர் மட்டுமல்ல, போன வருடம் போய் வந்தவரும் சொல்ல வேண்டும். வைவக்ஸுக்குத் தருகிற பிரிமாகுயின் குளிசையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் வைத்தியர் சொன்ன நாள் முடியும்வரை போட வேண்டும். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

யாரிடம் போய்ச் சொல்வது

பயணம் போகிறவர்களிடம். எல்லோருக்கும் சொல்ல நினைத்தால் ஒருவருக்கும் போய்ச் சேராது.

இந்தியப் பயணம் இப்போது இலேசு. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023இல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பல் தொடங்கியது. கலியாணச் சீலை எடுக்க, வைத்தியம் பார்க்க, யாத்திரைக்கு என்று சனம் போய் வருகிறது. சபரிமலைக்கு மாலை போடுகிற குழுக்கள் எனக்கு மிகவும் பிடித்த இடம். அங்கே குருசாமி சொன்னால் சொன்னதுதான். நாற்பது சாமிமாருக்கு நீங்கள் விரிவுரை செய்ய வேண்டாம். குருசாமியோடு கால்மணி நேரம் இருந்து பேசிவிட்டு, இரவில் நுளம்பு வலைக்குள் படுப்பது, திரும்பி வந்து காய்ச்சல் என்றால் உடனே இரத்தம் பார்ப்பது ஆகிய இரண்டையும் அவர் வாயால் சொல்ல வையுங்கள். அனோபிலிஸ் கடிப்பது பொழுதுபட்ட பிறகுதான். பகலில் கடிக்கிற டெங்கு நுளம்போடு சனம் இதைக் குழப்பும்.

ஆபிரிக்கப் பக்கம் போகிறவர்களுக்குக் கதை வேறு. அவர்கள் போக முன்னரே தடுப்புக் குளிசை தொடங்கி, திரும்பி வந்த பிறகும் சில வாரம் போட வேண்டும். மலேரியா தடை இயக்கம் அதை இலவசமாகத் தருகிறது. யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. எந்தக் குளிசை, எத்தனை நாள் என்பதை அவர்கள் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. மேற்கு ஆபிரிக்கா வழியாக ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ போக ஏஜென்சிக்குக் காசு கட்டி, இடையில் சிக்கித் திரும்பியவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். 2012 அளவில் அப்படித் திரும்பிய ஆட்களிடம் மலேரியா கண்டுபிடிக்கப்பட்டது. எந்த வழியால் போனோம் என்று சொல்ல அவர்களுக்குப் பயம், வெட்கம், தலைக்குமேல் கடன். ‘டொக்டர் பொலிஸ் இல்லை. எந்த நாட்டிலை நிண்டனீங்கள் எண்டு மட்டும் சொன்னால் காணும், ஏன் போனனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்’ என்பதை அம்மாக்களிடமும் மனைவிமாரிடமும் சொல்லிவையுங்கள். ஆள் காய்ச்சலில் கிடக்கும்போது வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகப் போகிறவர்கள் அவர்கள்தான்.

கிணற்றடியில்

துண்டுப்பிரசுரம் கொடுப்பதைவிட ஒரு வெள்ளைக் கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளிக் காட்டுவது மேல். குடம்பி, அதாவது நுளம்பின் புழு, நெளிவதை வெள்ளையில் பார்த்த பிள்ளை அதை மறக்காது. டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸின் குடம்பி தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். பள்ளிக்கூடப் பெடியள் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார்கள், பிறகு ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் அவர்களே எட்டிப் பார்ப்பார்கள். படுத்துக் கிடப்பதைக் கண்டால் கொட்டிவிடாமல் பி.எச்.ஐ.க்குச் சொல்லுங்கள். எந்த இனம் என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

மேல்தொட்டிக்கு மூடி, கால்நடைத் தொட்டியை வாரத்துக்கு ஒருமுறை வெறுமையாக்கித் தேய்ப்பது, பாவிக்கிற கிணற்றுக்கு வலை. இவ்வளவுதான். குடம்பியைத் தின்கிற கப்பி மீன் விடுவது நல்ல வழி, ஆனால் குடிதண்ணீர்க் கிணறு என்றால் பி.எச்.ஐ.யைக் கேட்டுவிட்டு விடுங்கள்.

பூட்டிக் கிடக்கிற வீடுகள்தான் தலையிடி. சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருப்பார், கிணறு இங்கே பாசி பிடித்துக் கிடக்கும். பக்கத்து வீட்டாரிடம் இலக்கம் வாங்கி, கிணற்றைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் அநேகமாக அன்றைக்கே ஆள் பிடித்துத் தருவார்கள். படத்தில் மாமரமும் தெரியும்படி எடுங்கள். அதைப் பார்த்து மனம் இளகாத யாழ்ப்பாணத்தான் கனடாவில் இல்லை.

எச்.ஐ.வி.: குரலைத் தாழ்த்துவது

இங்கே பதாகை வேண்டாம், புகைப்படம் வேண்டவே வேண்டாம். கூட்டத்துக்கு வந்த பெண்களைப் படமெடுத்து ஒரு திட்டத்தின் முகநூலில் போட்டதால் அடுத்த மாதம் ஒருவரும் வராத ஊர் எனக்குத் தெரியும். ‘எயிட்ஸ் கூட்டத்துக்குப் போனவை’ என்ற பெயர் ஒட்டினால் கழுவ முடியாது.

எட்டுப் பத்துப் பேர் போதும். ஆண்கள் வேறு, பெண்கள் வேறு. பெண்களோடு பெண் பேசட்டும். மாதர் சங்கக் கூட்டம் முடிந்த பிறகு, வலை பொத்துகிற இடத்தில், ஓட்டோ தரிப்பிடத்தில், விளையாட்டுக் கழகப் பெடியள் மதிலில் ஏறி இருக்கிற நேரத்தில் பேசலாம். உடல்நலம் பற்றிக் கதைக்க வந்தோம் என்று தொடங்குங்கள். பொய் இல்லைத்தானே.

கேள்வியை வாயால் கேட்கச் சொல்லாதீர்கள். எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டுக் கடதாசியும் பேனையும் கொடுத்து, கேள்வி இல்லாதவரும் ஏதாவது எழுதி மடித்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். எழுதுகிறவர் யார் என்று தெரியக் கூடாது என்பதற்காகத்தான். அப்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். சலூன் கத்தியால் வருமா, ஒரே கிணற்றில் குளித்தால் வருமா, முத்தத்தால் வருமா, ஆச்சி கேட்ட நுளம்பால் வருமா?

நுளம்புக் கேள்விக்கு ‘வராது’ என்று மட்டும் சொன்னால் நம்பமாட்டார்கள். காரணத்தோடு சொல்லுங்கள். மலேரியாக் கிருமி நுளம்பின் வயிற்றில் வளர்ந்து பெருகி அதன் எச்சிலுக்கு வந்து சேர்கிறது. நுளம்பு எங்களைக் குத்தும்போது உள்ளே விடுவது எச்சிலைத்தான், முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. எச்.ஐ.வி. நுளம்பின் உடலில் வாழாது, சாப்பாட்டோடு சாப்பாடாகச் சமித்துப்போகும். குளிப்பதால், ஒரே கோப்பையில் குடிப்பதால், கட்டிப்பிடிப்பதால் வராது. வருவது ஆணுறை இல்லாத உடலுறவால், ஒரே ஊசியைப் பலர் ஏற்றுவதால், தொற்றுள்ள இரத்தத்தால், சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து பிள்ளைக்கு. ஊசியைப் பற்றிச் சொல்லும்போது போதைப்பொருளைப் பற்றிப் பிரசங்கம் தொடங்காதீர்கள். கேட்க வேண்டிய பெடியன் எழும்பிப் போய்விடுவான்.

ஆணுறையைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னால் அவர்களும் வெட்கப்படுவார்கள். வீட்டில் கண்ணாடி முன் நின்று பத்துத் தரம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகிவிட்டு வாருங்கள். சிரிக்காதீர்கள், இது நான் செய்தது.

பயமுறுத்தாதீர்கள். மண்டையோட்டுப் படம் போட்ட பழைய சுவரொட்டிகள் ஒருவரையும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, ஒளிந்துகொள்ளத்தான் செய்தன. இன்றைய உண்மை அவ்வளவு இருட்டு இல்லை. மருந்து இலங்கையில் இலவசம். ஒழுங்காக மருந்தெடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்கிறார்கள். அதனால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்ற சான்றிதழ் 2019இல் இலங்கைக்குக் கிடைத்தது. பெண்கள் கூட்டத்தில் நான் இதில்தான் தொடங்கச் சொல்வேன். ‘எங்களுக்கும் பார்த்தவையோ?’ என்று கேட்பார்கள். ஓம், உங்களுக்கும்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை இதைவிட இலேசாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆபத்தான தொடர்பு நேர்ந்துவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் தொற்றைத் தடுக்கலாம், 28 நாள் எடுக்க வேண்டும். இதைத் தெரியாதவர்கள்தான் கூட. 72 என்ற எண்ணைப் பெடியள் மனத்தில் பதிய வையுங்கள். நேற்று நடந்ததற்கு இன்று பரிசோதனை செய்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் அது முடிவல்ல, தொற்று பரிசோதனையில் தெரிய வாரக்கணக்கு ஆகும் என்பதையும் சொல்லுங்கள்.

யாழ் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. வேறு வைத்தியரின் துண்டு தேவையில்லை, நேரே போகலாம். நீங்களே ஒருமுறை போய், எந்த வாசலால் உள்ளே போவது, எந்த நாளில் சனம் குறைவு என்று பார்த்து வாருங்கள். “பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ” என்று சொன்னால் அவர் போகமாட்டார். அந்த வளவுக்குள் யாரிடமும் வழி கேட்க வேண்டி வருமே என்ற பயம்தான் அவரைத் தடுக்கிறது. வழி கேட்காமல் போய்ச் சேரும்படி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வாய்

யாராவது உங்களிடம் தன் நிலையைச் சொன்னால் அது உங்களோடு நிற்க வேண்டும். வீட்டில், சக ஊழியரிடம், ‘பெயர் சொல்லாமல்’ என்று கூடச் சொல்லக் கூடாது. எங்கள் ஊர்களில் பெயர் சொல்லத் தேவையில்லை. ‘சந்தியடி வீடு, மகள் ஜெர்மனி’ என்றால் ஆள் தெரிந்துவிடும். 2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சின்னப் பையனுக்கு எச்.ஐ.வி. என்று வதந்தி பரவி, பள்ளிக்கூடத்தில் மற்றப் பெற்றோர் அவனை ஏற்க மறுத்தார்கள். அவனுக்குத் தொற்று இல்லை. ஒரு வாயில் தொடங்கியது அது. பரிசோதனை செய்தீர்களா என்று ஒருவரிடமும் கேட்காதீர்கள். பரிசோதனை எங்கே செய்யலாம் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். ‘எயிட்ஸ்காரன்’ என்ற சொல் உங்கள் வாயில் ஒருநாளும் வரக் கூடாது, பகிடிக்கும்.

கூட்டம் முடிந்த பிறகு

உடனே சைக்கிளை எடுக்காதீர்கள். கதிரை அடுக்க உதவுங்கள், கோப்பைகளைக் கழுவுங்கள், அரைமணி நேரம் சும்மா நில்லுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காத ஒருவர் தண்ணீர் குடிக்க வருவதுபோல் வருவார். மழையைப் பற்றிக் கதைப்பார், மீன் விலையைப் பற்றிக் கதைப்பார். பிறகு, “என்ரை கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான் அண்ணை, அவனுக்கு ஒரு சந்தேகம்…” என்று தொடங்குவார்.

எந்தக் கூட்டாளி என்று கேட்காதீர்கள். எத்தனை நாள் ஆகிறது என்று மட்டும் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் என்றால் நாளைக்கு என்று விடாமல் உடனே போகச் சொல்லுங்கள். கிளினிக் பூட்டியிருக்கிற நேரம் என்றால் அதே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. அது கடந்துவிட்டது என்றால் எந்த வாசல், எந்த நாள் என்று சொல்லுங்கள். கூட வரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் சந்தையில் கண்டால் நீங்களாகக் கதைக்கப் போகாதீர்கள், அவர் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள்.